செங்குத்து இறக்கத்தில் மவுண்டன் பைக்: விழுந்து எழுந்து கற்றுக்கொண்டது

அந்த இறக்கம் மொத்தமே 30 மீட்டர்தான் இருக்கும். மேலே நின்று பார்த்தால் பாதை முன்சக்கரத்துக்கு அடியிலேயே மறைந்துவிடும், அப்புறம் கீழே மரங்களுக்கு நடுவில் மறுபடி தலைகாட்டும். இடையில் என்ன இருக்கிறது என்பது இறங்கினால்தான் தெரியும். குறுக்கே மூன்று வேர்கள், வலது பக்கம் தோள் உயரத்துக்கு ஒரு பாறை, முடிகிற இடத்தில் இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவு. இந்த 30 மீட்டரில்தான் என் இடது மணிக்கட்டு உடைந்தது. செங்குத்தான பாதையில் சைக்கிள் ஓட்டுவது பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியையும் நான் இங்கேதான் கற்றுக்கொண்டேன், அதனால் இந்த இடத்தின் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை.

முதலில் ஏற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இறக்கத்தைப் பற்றிப் பேசத்தான் எல்லோருக்கும் ஆசை, ஆனால் நாள் முழுக்க ஓட்டினால் முக்கால்வாசி நேரம் ஏறுவதிலேயே போய்விடும். நாங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் 300 மீட்டர் உயரம் ஏற எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்க 10 நிமிடம்கூட ஆகாது. 20 சதவீத ஏற்றம் என்றால் கிடையாக 100 மீட்டர் போவதற்குள் 20 மீட்டர் உயர வேண்டும். கோணமாகப் பார்த்தால் சுமார் 11 டிகிரிதான், கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். சரளை மண்ணில் அதன் மேல் மிதித்துப் பாருங்கள். இரண்டாவது நிமிடத்தில் தொடை பற்றி எரியும், காதுக்குள் இதயம் அடிக்கும், வியர்வை கண்ணில் இறங்கும், துடைக்கலாம் என்று கையை எடுத்தால் முன்சக்கரம் பாதையை விட்டு விலகும்.

இங்கே இரண்டு தொல்லைகள் ஒரே நேரத்தில் வரும். உடம்பின் எடை பின்னால் போனால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். அதற்குப் பயந்து எழுந்து நின்று முன்னால் சாய்ந்தால் பின்சக்கரத்துக்குப் பிடி போய், நின்ற இடத்திலேயே சுற்றும். சீட்டின் மூக்கு நுனியில் உட்கார்ந்து, நெஞ்சைத் தாழ்த்தி, முழங்கைகளைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு மிதித்தால் இரண்டு சக்கரத்துக்கும் எடை பங்காகும். சீட்டின் மூக்கில் உட்கார்வது சுகமான விஷயமில்லை, ஆனால் அங்கேதான் பிடி இருக்கிறது. மிதிப்பதையும் உதைக்கிற மாதிரி மிதிக்கக் கூடாது. வட்டம் முழுக்க ஒரே அழுத்தம் போக வேண்டும், கனமான கதவைத் தள்ளித் திறக்கிற மாதிரி.

கியரை ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். நான் ஒருமுறை பாதி ஏற்றத்தில், முழு பலத்தையும் பெடலில் போட்டுக்கொண்டே கியர் மாற்றினேன், டப்பென்று சத்தம், கால் காற்றில் சுழன்றது, செயின் பாம்பு மாதிரி மண்ணில் கிடந்தது. அன்றைக்கு 9 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் செயினை ஒட்டவைக்கும் க்விக் லிங்க் ஒரு ஜோடியும் சின்ன செயின் டூலும் பையில் எப்போதும் இருக்கும். கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பின் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்ன உலோகத் துண்டு ஒன்று உண்டு. அடி பட்டால் சைக்கிளின் சட்டம் (ஃபிரேம்) தப்பிக்க அது வளையட்டும் என்றே அதை மெலிதாகச் செய்கிறார்கள். அது பெரும்பாலும் மாடலுக்கு மாடல் மாறும், பக்கத்து ஆளிடம் கடன் வாங்க முடியாது, அதனால் உங்கள் சைக்கிளுக்கு உரியதை ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள்.

முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுவதும் இந்த ஓட்டத்தில் சேர்ந்ததுதான். இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. தள்ளும்போது ஒரு லாபமும் இருக்கிறது: இறங்கப் போகும் பாதையை ஏறும்போதே நிதானமாகப் படிக்கலாம். எந்தக் கல் ஆடுகிறது, எந்த வேர் பட்டை உரிந்து வழவழப்பாக இருக்கிறது, ஈரம் எங்கே தங்கியிருக்கிறது, எல்லாம் கால் வழியாகத் தெரியும்.

சரி, விழுந்த கதைக்கு வருகிறேன்.

அது நான் ஓட்ட ஆரம்பித்த இரண்டாவது வருஷம். இரவு மழை பெய்து காலையில் விட்டிருந்தது. அந்த 30 மீட்டரை அதற்கு முன் நாலைந்து தடவை காய்ந்த மண்ணில் இறங்கியிருந்தேன், அதனால் தெரிந்த இடம் என்ற தைரியம். முதல் வேரைப் பார்த்ததுமே உடம்பு தானாகப் பின்னால் போனது. கை நீண்டு விறைத்தது, பிட்டம் பின்சக்கரத்துக்கு மேல் தொங்கியது, கண் முன்சக்கரத்திலேயே ஒட்டிக்கொண்டது. "இறக்கத்தில் பின்னால் போ" என்று யாரோ சொன்னதை வேதவாக்காக வைத்திருந்தேன். அது பாதிதான் உண்மை. அளவுக்கு மீறிப் பின்னால் போனால் முன்சக்கரத்தின் மேல் எடை இருக்காது. எடை இல்லாத சக்கரத்துக்குப் பிடியும் இருக்காது, திருப்பினாலும் திரும்பாது. வளைவு வந்தது, ஹேண்டில்பாரைத் திருப்பினேன், சைக்கிள் நேராகவே போனது. பயத்தில் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தேன். சரியாக அந்த நேரம் முன்சக்கரம் ஈர வேரின் மேல் இருந்தது. அவ்வளவுதான், சைக்கிள் ஒரு பக்கம் பறந்தது, நான் இடது உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு விழுந்தேன்.

எழுந்து பார்த்தால் பெரிய வீக்கம் எதுவும் இல்லை. முழங்கையில் சிராய்ப்பு, மணிக்கட்டில் மட்டும் ஒரு மந்தமான வலி. சுளுக்கு என்று நினைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு 16 நாள் காலம் கடத்தினேன், நடுவில் இரண்டு தடவை ஓட்டவும் செய்தேன். கட்டைவிரலை விறைப்பாக நீட்டினால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் குழி விழும் இல்லையா, அந்தக் குழியில் அழுத்தினால் மட்டும் உயிர் போகிற வலி. கடைசியில் எக்ஸ்ரே எடுத்தபோது ஸ்கேஃபாய்டு என்ற எலும்பில் விரிசல். முந்திரிப் பருப்பு மாதிரி வளைந்த சின்ன எலும்பு அது. ரத்த ஓட்டம் அதற்கு விரல் பக்கத்து முனையிலிருந்துதான் பெரும்பாலும் போகிறது, அதனால் நடுவில் உடைந்தால் முழங்கைப் பக்கத்துப் பாதிக்கு ரத்தம் குறைந்து, கூடாமலே போய்விடவும் வாய்ப்பு உண்டு. எனக்கு 10 வாரம் மாவுக்கட்டு.

இதைப் படிக்கிறவர்கள் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: கையை ஊன்றி விழுந்த பிறகு அந்தக் குழியில் வலித்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று, இந்த விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். படத்தில் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் வலி தொடர்ந்தால், 10 முதல் 14 நாளுக்குள் மறுபடி எடுத்துப் பார்ப்பது அல்லது ஸ்கேன் எடுப்பதுதான் வழக்கம். நீங்களே கேட்டு வாங்குங்கள்.

அந்தச் சிராய்ப்பையும் அன்றைக்கு நான் சரியாகக் கழுவவில்லை. மண் உள்ளேயே தங்கித் தோல் மூடிவிட்டது, இப்போதும் முழங்கையில் பச்சை குத்திய மாதிரி நீலக் கறுப்பாக ஒரு கோடு இருக்கிறது. நல்ல தண்ணீரை ஊற்றி, எரிந்தாலும் பரவாயில்லை என்று, துகள் போகும்வரை கழுவ வேண்டும். தலையில் அடி பட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடக் கூடாது. உள்ளே இருக்கும் நுரை ஒரு தடவை நசுங்கித்தான் தலையைக் காப்பாற்றுகிறது, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அதன் வேலை முடிந்துவிட்டது.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகு எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்களோடு ஓட்டும் ஒரு அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், அந்த இறக்கத்தில் அவர் போவதைப் பார்த்தால் தண்ணீர் வழிவது போல இருக்கும். அவர் என்னைச் செங்குத்துப் பக்கமே விடவில்லை. சாதாரணச் சரிவு ஒன்றில் ஒரு மாதம். அந்த மாதம் முழுக்க எனக்கு இருந்தது இரண்டே வேலை, காலில் நிற்பதும் கண்ணைத் தூக்குவதும்.

காலில் நிற்பது என்றால் என்ன என்று சொல்கிறேன், ஏனென்றால் இது எழுத்தில் படிக்கும்போது எளிதாகத் தெரியும், உடம்புக்கு வர நாளாகும். இரண்டு பெடலும் சமமட்டத்தில் இருக்கட்டும். குதிகாலைக் கீழே அழுத்துங்கள். முழங்கால் லேசாக மடங்க வேண்டும், இடுப்பிலிருந்து முன்னால் குனிய வேண்டும், தரையில் கிடக்கும் குடத்தைத் தூக்கக் குனிகிற மாதிரி. தாடை கிட்டத்தட்ட ஹேண்டில்பாருக்கு மேலே இருக்கும். இப்போது உங்கள் எடை முழுக்கப் பாதத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: ஹேண்டில்பாரில் விரல்களைப் பியானோ வாசிக்கிற மாதிரி தட்ட முடிய வேண்டும். முடியவில்லை என்றால் நீங்கள் கையில் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள் அல்லது கையில் சாய்ந்திருக்கிறீர்கள். சரிவு கூடும்போது சைக்கிள் உங்களுக்குக் கீழே முன்னால் சாயும், நீங்கள் அதே இடத்தில் நிற்பீர்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நீங்கள் பின்னால் போன மாதிரி தெரியும். என்னிடம் "பின்னால் போ" என்றவர் இதைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு புரிந்தது.

இதற்கெல்லாம் சீட் கீழே போயிருக்க வேண்டும். ஹேண்டில்பாரில் ஒரு லீவரை அழுத்தினால் சீட் இறங்கும் டிராப்பர் போஸ்ட் என் சைக்கிளில் அப்போது இல்லை. இன்னும் நல்ல சஸ்பென்ஷனுக்கு மாறுவதா டிராப்பர் போடுவதா என்று யாராவது என்னிடம் கேட்டால் யோசிக்காமல் டிராப்பர் என்பேன். சீட் மேலேயே நின்றால் இடுப்புக்கு இடமே இருக்காது.

அப்புறம் கண். ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து அக்கா கத்துவார், "கண்ணு எங்கடா இருக்கு?" நான் என்ன பதில் சொன்னாலும் உண்மையில் அது முன்சக்கரத்துக்கு ஒரு மீட்டர் முன்னால்தான் இருக்கும். "அது ஏற்கெனவே நடந்து முடிஞ்சதுடா, அதுக்கு இனிமே உன்னால ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்ததைப் பாரு." கண் போகிற பக்கம் தோள் திரும்பும், தோள் போகிற பக்கம் சைக்கிள் போகும். பாறையையே பார்த்தால் பாறையில்தான் போய் மோதுவீர்கள், இடைவெளியைப் பார்த்தால் இடைவெளிக்குள் நுழைவீர்கள். நான் இதை நம்பவில்லை, ஒரு மாதம் கழித்து ஒரு நாள் வளைவின் வாசலுக்கு வரும்போதே அதன் முடிவைப் பார்த்தேன், சைக்கிள் தானாகத் திரும்பியது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்த மாதிரி இருந்தது.

பிரேக் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன்பிரேக்கில்தான் இருக்கிறது, ஏனென்றால் வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது. முன்பிரேக்கைத் தொடவே பயந்து பின்பிரேக்கை மட்டும் பிடித்தால், செங்குத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குமே தவிர வேகம் குறையாது. பாதையும் கெட்டுப்போகும், நீங்கள் உழுத கோட்டில் அடுத்த மழைத் தண்ணீர் ஓடி அதை வாய்க்காலாக்கிவிடும். இரண்டு பிரேக்கிலும் ஒரே ஒரு விரல், ஆள்காட்டி விரல், மெதுவாக அழுத்தி மெதுவாக விட வேண்டும். லீவர் ரொம்பத் தூரத்தில் இருந்தால் அதை அருகே கொண்டுவரும் திருகு இருக்கும், விரலின் முதல் மடிப்பு அதில் வந்து உட்கார வேண்டும்.

எங்கே பிடிப்பது என்பதுதான் முக்கியம். வேரின் மேல் சக்கரம் இருக்கும்போது பிரேக் கூடாது. வேருக்கு முன்னால் இருக்கும் மண்ணில் பிடி, வேர் வரும்போது விடு, தாண்டியதும் அடுத்த மண்ணில் பிடி. சுழலும் சக்கரம் ஈர வேரைத் தாண்டிவிடும், பூட்டிய சக்கரம் வழுக்கும். அந்த 30 மீட்டரில் மூன்று வேர்கள் என்றால் அவற்றைச் சுற்றி மண் நாலு இடத்தில் இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு மீட்டரோ ஒன்றரை மீட்டரோ. முதல் வேருக்கும் இரண்டாவதற்கும் நடுவில் உள்ள மண் கறுப்பாக, காபித்தூள் மாதிரி, விரலை வைத்தால் ஒரு அங்குலம் இறங்கும். அங்கே டயர் நன்றாகக் கடிக்கும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் கெட்டித் தரை மேல் மெல்லிய சரளை, அங்கே பாதி அழுத்தம்தான் தாங்கும். நடந்து இறங்கி, குனிந்து கையால் தொட்டுப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது. இதற்கு முன்பு எத்தனை தடவை அதன் மேல் ஓட்டியும் எனக்குத் தெரியாது.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் சூடு ஏறி, லீவர் தொய்ந்து, பிடிப்பே இல்லாமல் போகும். இது இந்த விளையாட்டு பிறந்த நாளிலிருந்தே இருக்கும் பிரச்சினை. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1976 அக்டோபரில் பழைய, கனமான சைக்கிள்களை வைத்துக்கொண்டு ஒரு மலைப்பாதையில் நேரம் குறித்து இறங்கும் போட்டி நடத்தினார்கள். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் பின்சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்பிலுள்ள பிரேக்கின் கிரீஸ் புகைந்து எரிந்துபோக, ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததாம். மறுபடி அடைப்பது என்ற பொருளில்தான் அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயர் வந்தது. இப்போது நம்மிடம் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இருக்கிறது, ஆனாலும் சூடு சூடுதான். நேரான இடத்தில் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, அப்புறம் முழுக்க விட்டுவிடுங்கள், டிஸ்க் மூச்சு விடட்டும். முன்பக்க டிஸ்க் 160 மில்லிமீட்டர் என்றால், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் அனுமதித்தால் 180 அல்லது 203க்கு மாறுவது நல்லது. சில பிரேக்குகளுக்குள் இருக்கும் டாட் வகை எண்ணெய் காலப்போக்கில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் சீக்கிரம் கொதிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள். இறங்கி முடித்ததும் டிஸ்க்கைக் கையால் தொட்டுவிடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

டயர் காற்றில் நான் செய்த தப்பையும் சொல்கிறேன். கல்லாக இருந்தால்தான் நல்லது என்று 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்து வைத்திருந்தேன். டியூப்லெஸ்ஸுக்கு மாறி முன்னால் 22, பின்னால் 25 என்று குறைத்த நாளில் அதே பாதை வேறு பாதை மாதிரி இருந்தது, டயர் கல்லை அணைத்துக்கொண்டு போனது. என் எடை 72 கிலோ, டயர் 2.4 அங்குலம், உங்களுக்கு இந்த எண் மாறும், ஒவ்வொரு பிஎஸ்ஐயாகக் குறைத்துப் பாருங்கள், ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் இரண்டு ஏற்றிக்கொள்ளுங்கள்.

இறக்கத்துக்கும் அதற்கென்று ஒரு வலி உண்டு, அது முன்கையில் வரும். ஐந்து நிமிடத் தொடர் இறக்கத்தில் முன்கை கல்லாக இறுகி, விரலை மடக்கவும் விரிக்கவும் முடியாமல் போகும். கை மரத்த பிறகு பிரேக் உங்கள் வசத்தில் இல்லை. பாதுகாப்பான இடத்தில் நின்று கையை உதறி, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். நிற்கும்போது பாதையை விட்டு ஓரமாக நில்லுங்கள். ஏறி வருபவர் எதிரே வந்தால் அவருக்குத்தான் வழி, நடந்து போகிறவர்களுக்கு எப்போதுமே வழி.

விழுந்து ஏழு மாதம் கழித்து அந்த 30 மீட்டருக்குத் திரும்பிப் போனேன். மூன்று தடவை நடந்து இறங்கினேன். அக்கா கீழே வளைவின் முடிவில் போய் நின்றுகொண்டார், நான் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்பதற்காக. சீட்டை இறக்கினேன். மேலே நிற்கும்போது வயிற்றுக்குள் அதே பழைய குளிர், உடம்பு அதே மாதிரி பின்னால் இழுத்தது. குதிகாலை அழுத்தினேன். நெஞ்சைக் கீழே கொண்டுவந்தேன். முதல் வேருக்கு முன் பிடித்தேன், விட்டேன், டுக் என்று தாண்டியது. கறுப்பு மண்ணில் நன்றாகப் பிடித்தேன், விட்டேன். சரளையில் பாதிதான் பிடித்தேன், மூன்றாவது வேரில் பின்சக்கரம் ஒரு சாண் பக்கவாட்டில் வழுக்கியது, நான் எதுவும் செய்யவில்லை, கண் அக்காவின் மஞ்சள் ஹெல்மெட்டிலேயே இருந்தது, சைக்கிள் தானே நேராகிக்கொண்டு வளைவுக்குள் போய் மறுபக்கம் வெளியே வந்துவிட்டது. நின்ற பிறகுதான் மூச்சு விட்டேன். நான் கத்தினேனா சிரித்தேனா என்று நினைவில்லை, அக்கா மட்டும் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னொரு தடவை போறியா?" என்றார். தள்ளிக்கொண்டு மேலே போக ஆறு நிமிடம், இறங்கப் பத்து விநாடி. அன்றைக்குப் பதினொரு தடவை இறங்கினேன், நாலாவது தடவையில் ஒரு கால் ஊன்ற வேண்டியிருந்தது, மற்றதெல்லாம் சுத்தமாக வந்தது. பன்னிரண்டாவது தடவை மேலே போய் நின்றபோது பிரேக் லீவர் மேல் இருந்த விரல் லேசாக நடுங்கியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் சைக்கிளை விட்டு இறங்கி, வேர்களைத் தாண்டித் தாண்டி, தள்ளிக்கொண்டே கீழே வந்தேன்.